நடுச்சாமத்தில என்ர தகரப் படலையைத் தட்டுற ஆக்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில சுன்னாகம் பக்கத்தில 20 வருசமா ஓட்டோ ஓடுறனான். எங்கட ஒழுங்கையில அப்ப வாகனம் வச்சிருந்த ஒரே ஆள் நான் எண்டபடியா இரவில ஒரு அந்தரம் அவசரம் எண்டா சனம் வந்து தட்டுறது என்ர தகரப் படலையைத்தான். நெஞ்சு நோ எண்டு வருவினம், பிள்ளைத்தாச்சிக்கு நோ கண்டிட்டுது எண்டு வருவினம், பாம்பு கடிச்சிட்டுது எண்டு வருவினம், நான் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ஸ்ராட் பண்ணுவன். 2018 ஆடி மாசம், 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா வாற அம்புலன்ஸ் எங்கட பக்கமும் வந்தது. 2016 இல இந்தியா குடுத்த காசில மேல் மாகாணத்திலயும் தெற்கிலயும் தொடங்கினதுதான் அது, இஞ்ச வந்தாப் பிறகு என்ர இரவு ஓட்டம் மெல்ல மெல்லக் குறைஞ்சு போச்சுது. காசும் இல்லை, வாகனத்துக்குள்ளயே ஒட்சிசன் இருக்கு, பயிற்சி எடுத்த பிள்ளை ஒண்டு பின்னுக்கு இருந்து பாத்துக்கொண்டு வருது, ஓட்டோவில சீற்றில சாய்ச்சு வச்சு குண்டும் குழியும் குலுக்கிக் கொண்டு போறதை விட அது எவ்வளவோ மேல். எனக்கு அதில ஒரு கவலையும் இல்லை.

ஆனா படலை தட்டுறது நிக்கேல்லை ஐயா, அதைச் சொல்லி, இரவில வீடு தேடி வாற ஒரு மனநலக் குழு வேணும் எண்டு கேக்கத்தான் இந்தக் கடிதம். இப்ப நடுச்சாமத்தில வந்து தட்டுறவை ஆர் எண்டா, நாலு நாளா நித்திரை இல்லாமல் மதிலோட கதைச்சுக்கொண்டு நிக்கிற பொடியன்ர தாய், சோதனை மறுமொழி வந்த அண்டைக்கு அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு இனி இருக்க மாட்டன் எண்டு அழுற பெட்டையின்ர தகப்பன், கடன்காரர் வந்து முத்தத்தில நிண்டு சத்தம் போட்டிட்டுப் போனாப் பிறகு ஒண்டும் பறையாமல் சுவரைப் பாத்துக்கொண்டிருக்கிற பொம்பிளையின்ர பிள்ளையள். அவைக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு தெரியாது. காலமை எண்டா கிளினிக் இருக்கு, டொக்டர் இருக்கிறார், உளவளத்துணை செய்யிற ஆக்கள் இருக்கினம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்தக் கதவெல்லாம் பூட்டு. எனக்குத் தெரிஞ்சு இந்த வருத்தம் கூடுறது அனேகமா அதுக்குப் பிறகுதான், வீடு அடங்கி, லைற் நூத்து, ஆளுக்குத் துணைக்கு ஒரு சத்தமும் இல்லாத நேரத்திலதான்.

இதை ஏதோ ஊர்க்கதை கேட்டு எழுதுறன் எண்டு நினைக்க வேண்டாம். என்ர சொந்தத் தங்கச்சியின்ர மகனுக்கு நடந்தது இது. அவனிட்டக் கேட்டு, அவன் எழுதுங்கோ எண்டு சொன்னாப் பிறகுதான் எழுதுறன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் கார்த்திகை மாசம், மழை விடாமல் பெய்ஞ்சுகொண்டிருந்தது. இரவு பதினொண்டு பதினொண்டரை இருக்கும், படலையில பூட்டால தட்டுற சத்தம். போய்ப் பாத்தா தங்கச்சி, செருப்பும் இல்லை, குடையும் இல்லை, பின்னால வயலுக்குள்ளால ஓடி வந்திருக்கிறா, முழங்கால் வரை சேறு. ஏன் போன் எடுக்கேல்லை எண்டு கேட்டன், அண்ணை வீட்டில இருக்கிற போன் எல்லாத்தையும் அவன் வாளித் தண்ணிக்குள்ள போட்டிட்டான் எண்டா. போனுக்குள்ளால ஆரோ தன்னைப் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டிருந்தவனாம், மெயின் சுவிச்சையும் நிப்பாட்டிப் போட்டு ரோச் லைற்றோட முத்தத்தில நிக்கிறானாம், மதிலுக்கு மேல ஆக்கள் இருக்கினமாம். அவன் ஒரு போன் கடையில வேலை செய்தவன், உடைஞ்ச ஸ்கிரீன் எல்லாம் பூ மாதிரிக் கழட்டி மாத்துற கை, அவன் போய் ஒரு போனைத் தண்ணிக்குள்ள போடுறான் எண்டா அவன்ர மனசுக்குள்ள என்ன பயம் இருந்திருக்கும் எண்டு இப்ப எனக்கு விளங்குது, அண்டைக்கு விளங்கேல்லை.

அவனுக்கு அப்ப 22 வயசு. தகப்பன் 2009 இல வன்னிச் சண்டைக்குள்ள செத்துப் போட்டார், அப்ப அவனுக்கு எட்டு வயசு, தாயும் பிள்ளையும் எல்லாத்தையும் கண்ணால கண்டு முகாமில இருந்து வந்ததுகள். அதுக்குப் பிறகு வடிவாத்தான் வளந்தவன், ஒரு சோலிக்கும் போகாத பிள்ளை.

நான் போய் முதல் அம்புலன்சுக்கு அடிச்சன். வந்தவை, வந்த பொடியன் நல்ல மரியாதையாக் கதைச்சு, கெஞ்சி, விரலில குத்தி சீனி பாத்தான், பிறசர் பாக்க விடேல்லை. நான் வரமாட்டன், நீங்கள் அவையின்ர ஆக்கள் எண்டு இவன் நிக்கிறான். வரமாட்டன் எண்டு நிக்கிற ஆளை நாங்கள் இழுத்து ஏத்த ஏலாது ஐயா, பொலிசுக்குச் சொல்லிப் பாருங்கோ எண்டு சொல்லிப் போட்டு அவை வேற அழைப்புக்குப் போட்டினம். அவையில பிழை சொல்ல மாட்டன், அவைக்குக் குடுத்த வேலை அது இல்லை. பிறகு பொலிசுக்கு அடிச்சன், நான் சொன்ன தமிழ் அங்க போன் எடுத்தவருக்கு வடிவா விளங்கேல்லை, எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்தில சொன்னன், அவை ஆரோ வாளோட நிக்கிறாங்கள் எண்டு விளங்கிச்சினமோ தெரியாது, ஒரு மணித்தியாலத்தால ஜீப் ஒண்டு லைற்றைப் பளீரெண்டு போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள்ள வந்து நிண்டது. சீருடையோட ரெண்டு பேர் இறங்கினதைக் கண்டானோ இல்லையோ, பிள்ளை பின் வேலியால பாய்ஞ்சு ஓடிட்டான். முள்ளுக்கம்பி கால் பாதத்தைக் கிழிச்சுப் போட்டுது. எட்டு வயசில கண்டதெல்லாம் அவனுக்கு அந்த நேரம் திரும்ப வந்திருக்கும் எண்டு பிறகு டொக்டர் சொன்னா.

அதுக்குள்ள ஒழுங்கை முழுக்கச் சனம். முப்பது பேருக்குக் குறையாது. ஒருத்தர் சொல்லுறார் பிடிச்சுக் கட்டுங்கோ எண்டு, ஒருத்தர் சொல்லுறார் தூள் அடிச்சிருப்பான் எண்டு, ஒரு மனுசி இது காத்துக் கறுப்பு, பாக்கிற ஒருத்தர் இருக்கிறார், விடியக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நம்பர் தாறா, ரெண்டு பொடியள் போனில வீடியோ எடுக்கிறாங்கள். தங்கச்சி அந்த மழைக்குள்ள நிண்டு ஒவ்வொருத்தரையும் கும்பிட்டு, தம்பி எடுக்காதையுங்கோ, தம்பி எடுக்காதையுங்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிண்டது இப்பவும் என்ர கண்ணுக்குள்ள நிக்குது.

விடியப்புறம் மூண்டரை இருக்கும், பிள்ளையார் கோயில் மடத்தில தூணுக்குப் பின்னால குந்திக்கொண்டிருந்தவனைக் கண்டன். நான் அவனோட வாதாடேல்லை, மதிலுக்கு மேல ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லவும் இல்லை. மருந்து கட்டுறதைப் பற்றியும் கதைக்கேல்லை. நானும் நிலத்தில கொஞ்சம் தள்ளி இருந்து, தம்பி எனக்கும் பயமாத்தான் கிடக்கு, விடியும் வரைக்கும் ரெண்டு பேரும் இதில இருப்பம் எண்டு மட்டும் சொன்னன். அது ஆரும் சொல்லித்தந்து செய்ததில்லை, களைச்சுப் போய் வேற ஒண்டும் தெரியாமல் இருந்தனான். கோயில் மணி அடிச்சு ஐயர் வந்து நடை திறக்கேக்க, மாமா கால் நோகுது எண்டான். அப்பிடியே ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன்.

அங்கயும் ஒரு மேசைக்கும் மற்ற மேசைக்கும் நடந்தம், காலுக்கு ஒரு இடம் தலைக்கு ஒரு இடம், கிளினிக் திறக்கட்டும் எண்டு ஒருத்தர் சொன்னார், இரத்தம் வடியிற காலோட வாங்கில இருந்தான். கடைசியில ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்தா. வந்து நிண்டுகொண்டு கேக்கேல்லை, ஒரு கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால இருந்து, தம்பி எத்தனை நாளா நித்திரை இல்லை எண்டு கேட்டா. அவன் அவவின்ர முகத்தைப் பாத்து, அஞ்சு நாள் மிஸ் எண்டான். அவ்வளவுதான், அதுக்குப் பிறகு தானாக் கதைக்கத் தொடங்கிட்டான், ஊசி போடவும் விட்டான், பத்து மணித்தியாலம் படுத்தான்.

ஐயா, அந்த ஒரு கேள்வி இரவு பதினொண்டரைக்கு எங்கட முத்தத்தில கேக்கப்பட்டிருந்தா அவன்ர கால் கிழிஞ்சிராது, ஒழுங்கைச் சனத்துக்கு முன்னால அவன் மானம் போயிராது, தங்கச்சி ஆரையும் கும்பிட்டிருக்கத் தேவையில்லை. அந்த டொக்டர் பிள்ளையே வரவேணும் எண்டு சொல்லேல்லை, அப்பிடிக் கேக்கப் பழகின ஒரு ஆள், எங்கட பாஷை பேசிற ஒரு ஆள், சீருடை இல்லாமல், லைற் அடிக்காமல் ஒரு வாகனத்தில வந்திருந்தாப் போதும். இந்தக் கடிதத்தில நான் கேக்கிறது இதை மட்டும்தான், எங்கட மாவட்டத்துக்கு இரவில வீடு தேடி வாற ஒரு மனநல அவசரக் குழு.

மருமகன் இப்ப சுகம். மாதம் மாதம் கிளினிக் போறான், குளிசை போடுறான், திரும்ப வேலைக்குப் போறான். இந்தக் கடிதத்தை எழுதி முடிச்சு அவனுக்கு வாசிச்சுக் காட்டினன். நான் முதல் எழுதேக்க, அவன் வெறி பிடிச்சவன் மாதிரிக் கத்தினவன் எண்டு ஒரு வரி எழுதியிருந்தன். மாமா அதை வெட்டுங்கோ, நான் சரியாப் பயந்தனான் எண்டு எழுதுங்கோ எண்டான். வெட்டிப் போட்டன்.

எங்களுக்கு அண்டைக்குத் தெரியாத ஒரு நம்பர் இருக்கு, அது 1926. கொழும்புப் பக்கம் அங்கொடையில இருக்கிற தேசிய மனநல நிறுவனம் நடத்துறது, 24 மணித்தியாலமும் வேலை செய்யுது, தமிழிலயும் கதைக்கலாம். அதைப் பேந்துதான் அறிஞ்சன். இது எங்கட சனத்துக்குக் கட்டாயம் தெரிய வேணும், ஒவ்வொரு கடையிலயும் கோயில்லயும் பள்ளிக்கூடத்திலயும் எழுதி ஒட்ட வேணும், தனியா இருந்து தாங்க ஏலாமல் தவிக்கிற ஆளுக்கு அந்த நேரத்தில ஒரு குரல் கேட்டாலே பெரிய ஆறுதல், சில பேருக்கு அதோட அந்த இரவு கடந்து போடும். ஆனா போன் எடுக்கக் கூடிய ஆளுக்குத்தான் போன் நம்பர். போனை வாளிக்குள்ள போட்டிட்டு நிக்கிறவனுக்கு? அவன்ர தாய்க்கு ஆலோசனை சொல்லலாம், ஆனா 400 கிலோமீற்றருக்கு அங்கால இருந்து ஒருத்தரும் படலையடிக்கு வர ஏலாது. குரலுக்குப் பின்னால ஒரு காலடிச் சத்தமும் வேணும் ஐயா.

எங்கட பக்கத்தில ஆக்கள் இல்லை எண்டு நான் சொல்ல மாட்டன், அது அநியாயம். 1987 இல இருந்து சாந்திகம் எண்டு ஒரு நிறுவனம் இந்த மண்ணில சனத்தோட உக்காந்து கதைச்சுக்கொண்டிருக்கு, ஷெல் விழேக்கயும் இடம்பெயரேக்கயும் பேராசிரியர் தயா சோமசுந்தரம் மாதிரி ஆக்கள் இஞ்சயே நிண்டு, மருந்து மட்டும் காணாது எண்டு விளங்கி, வாத்திமாருக்கும் ஊரில வேலை செய்யிற ஆக்களுக்கும் உளநலம் எண்டா என்ன எண்டு சொல்லிக்குடுத்துப் பழக்கினவை. 2004 சுனாமிக்குப் பிறகு 2005 இல வந்த மனநலக் கொள்கை எல்லாத்தையும் அங்கொடையிலயே குவிச்சு வைக்காமல் மாவட்டங்களுக்குக் கொண்டு போக வேணும் எண்டு சொன்னது, இப்ப எங்கட ஆஸ்பத்திரிகளில மனநல வைத்திய அதிகாரிமார் இருக்கினம், வீட்டுக்குப் போய்ப் பாக்கிற உத்தியோகத்தர்மார் இருக்கினம். மருமகன் ஒருக்கா கிளினிக்குக்குப் போகாமல் விட்டபோது மூண்டாம் நாள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சு, ஏன் தம்பி வரேல்லை எண்டு கேட்டது அப்பிடி ஒரு ஆள்தான். இவ்வளவு அருமையான ஆக்கள் இருந்தும் இரவு எண்டு வந்தா அந்த வேலை பொலிசின்ர தலையிலயும் அயலட்டையின்ர தலையிலயும் என்ர ஓட்டோவிலயும் விழுகுது.

பொலிஸ் வரக்கூடாது எண்டும் சொல்லேல்லை. ஆரும் ஆரையும் வெட்டப் போறான் எண்டா பொலிஸ்தான் வரவேணும். ஆனா வருத்தக்காரன் எல்லாரும் வெட்டப் போறவன் இல்லை, நான் கண்ட முக்காவாசிப் பேர் மற்றவைக்குப் பயந்து ஒளிக்கிற ஆக்கள். எங்கட நாட்டில இதுக்கான சட்டமே 1873 இல வெள்ளைக்காரன் எழுதின பைத்தியச் சட்டம், 1956 இல பேரை மாத்தித் திருத்தி வச்சிருக்கினம், பொலிஸ், கோடு எண்டுதான் அது கதைக்குது. புதுச் சட்டம் வருது வருது எண்டு கனகாலமாச் சொல்லுகினம். சட்டம் வரும் வரைக்கும் சனம் வருத்தத்தை ஒத்திப் போட ஏலுமோ?

சட்டம் எண்டு வரேக்க இன்னொண்டும் சொல்ல வேணும், ஏன் எண்டா இதால உயிர் போகுது. உயிரை மாய்க்கப் பாத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா வழக்குப் போடுவாங்கள், கோட்டுக்கு இழுப்பாங்கள் எண்டு பயந்து மணித்தியாலக் கணக்கா வீட்டுக்குள்ள வச்சுக்கொண்டு இருந்த குடும்பத்தை நானே ஏத்தியிருக்கிறன். வழியில தகப்பன் என்னட்டக் கேக்கிறார், அண்ணை வழுக்கி விழுந்தது எண்டு சொல்லுவமோ எண்டு. தற்கொலைக்கு முயற்சி செய்யிறது குற்றம் எண்டு தண்டனைச் சட்டத்தில இருந்த பிரிவை 1998 இலயே எடுத்தாச்சு. குற்றம் இல்லை. டொக்டருக்கு உண்மையைச் சொல்லுங்கோ, பொய் சொன்னாத்தான் பிள்ளைக்கு ஆபத்து. இன்னொரு பயமும் சனத்திட்ட இருக்கு, சாகிற யோசனை இருக்கோ எண்டு நேராக் கேட்டா அந்த யோசனையை நாங்களே விதைச்ச மாதிரிப் போடும் எண்டு. அப்பிடி இல்லையாம், நேரா, அன்பாக் கேட்டாத்தான் மனசுக்குள்ள கிடந்தது வெளியில வரும் எண்டு கிளினிக்கில எங்களுக்கு வடிவாச் சொல்லித் தந்தவை.

இதெல்லாம் நடக்கிற காரியமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். 1995 அளவில எங்கட நாட்டில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் மாதிரித் தற்கொலையால செத்துக்கொண்டிருந்தவை, உலகத்திலயே ஆகக் கூடின நாடுகளில ஒண்டு. பயிருக்கு அடிக்கிற கொடிய கிருமிநாசினியளை ஒவ்வொண்டா அரசாங்கம் தடை செய்ததோட அது பாதிக்கும் கீழ இறங்கினது, உலகம் முழுக்க இதை ஒரு பாடமாப் படிக்கினம். மனம் வச்சா எங்கட நாட்டால ஏலும் எண்டதுக்கு அதுவே காணும். அந்தரப்பட்ட அந்த நேரத்தை ஒருத்தர் கடந்திட்டா, கனபேர் பிறகு வாழத்தான் ஆசைப்படுகினம் எண்டதும் அதுக்குள்ள இருக்கு.

என்ர மச்சான் ஒருத்தர் ஸ்காபரோவில இருக்கிறார், மருமகன்ர கதை கேட்டு அழுதிட்டுச் சொன்னார், ரொறன்ரோவில 2022 இல இருந்து இப்பிடி ஒண்டு தொடங்கியிருக்கினமாம், 211 எண்டு அடிச்சா பொலிஸ் இல்லாமல் பயிற்சி எடுத்த ஆக்கள் 24 மணித்தியாலமும் வீட்டுக்கு வருவினமாம், வந்து இருந்து கதைச்சு, தேவை எண்டாத்தான் ஆஸ்பத்திரிக்காம், பிறகும் தொடர்ந்து பாப்பினமாம். கனடாக் காசு எங்களிட்ட இல்லை, அது தெரியும். ஆனா நான் கேக்கிறது அவ்வளவு பெரிசில்லை. ஒரு வாகனம், கண்ணாடியில ஒண்டும் எழுதாத சாதாரண வான். இரவு டியூட்டிக்கு ரெண்டு பேர், ஒருத்தர் மனநலத்தில பழகின நேர்ஸ், ஒருத்தர் வீடு வீடாப் போற அந்த உத்தியோகத்தர், ரெண்டு பேரில ஒருத்தராவது பொம்பிளையா இருக்க வேணும், ஏன் எண்டா குமர்ப்பிள்ளை நிக்கிற அறைக்குள்ள ரெண்டு ஆம்பிளையள் போய் என்ன கதைக்கிறது. போனில கேக்கிறதுக்கு முறை வச்சு ஒரு டொக்டர். ஆளைக் கொண்டு போனா வெளிநோயாளர் பிரிவு வாங்கில இருத்தாமல் நேரா எடுக்கிற ஒரு கட்டில். முழு மாவட்டத்துக்கும் ஒரே நாளில வேண்டாம், வலிகாமத்தில ஆறு மாசம் செய்து பாத்திட்டு வடமராட்சி தென்மராட்சிக்குப் போகலாம்.

தீவுப் பக்கத்தை மறக்க வேண்டாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில இருந்து கடலில ஒரு மணித்தியாலம், பின்னேரப் படகு போனாப் பிறகு என்ன வந்தாலும் விடியும் வரைக்கும் அங்கதான். அங்க வான் போகாது, ஆனா அங்கத்தை ஆஸ்பத்திரியில இருக்கிற ஆளோட இரவில வீடியோவில கதைச்சு, இந்த மருந்தைக் குடுங்கோ, இப்பிடிக் கதையுங்கோ எண்டு சொல்ல ஒரு மனநல டொக்டர் கிடைச்சாலே பெரிய உதவி.

ஏன் பயிற்சி எடுத்த ஆள் வேணும் எண்டு அடிச்சுச் சொல்லுறன் எண்டா, பாக்கிறவைக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். எங்கட ஒழுங்கை முடக்கில ஒரு அம்மா, 78 வயசு, அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் புட்டு அவிச்சுப் பேரப்பிள்ளைக்குக் குடுத்தவ, இரவு திடீரெண்டு செத்துப்போன மனுசனோட கதைக்கத் தொடங்கிட்டா, சீலையை இழுக்கிறா, பிள்ளையை ஆர் எண்டு கேக்கிறா. பேய் பிடிச்சிட்டுது எண்டு வேப்பிலையும் திருநீறுமா நிக்கினம். நல்ல காலத்துக்கு எனக்கு ஓட்டம் இல்லாத நேரம், ஏத்திக்கொண்டு போனம், சலத்தில கிருமி ஏறினதாம், வயசு போன ஆக்களுக்கு அப்பிடித்தான் மண்டையைக் குழப்புமாம், நாலாம் நாள் அவ திரும்ப வந்து என்ர மனுசியிட்ட மோர்மிளகாய் கேக்கிறா. சீனி இறங்கினாலும் ஆள் மாறாட்டமா நடக்குமாம், குடியை ஒரேயடியா விட்ட ஆளுக்கும் ரெண்டு மூண்டு நாளில இல்லாததெல்லாம் தெரியுமாம், அது உயிராபத்தாம். இதைப் பிரிச்சுப் பாக்க அயல்ச் சனத்தால ஏலுமோ, பொலிசால ஏலுமோ?

காசு எங்கால எண்டு கேப்பினம். சுகாதாரத் திணைக்களம் செய்ய வேண்டிய வேலை இது, மாகாண சபை இருந்தாலும் இல்லாட்டியும் அவையிட்டத்தான் முதல் கேக்க வேணும், எங்கட பாராளுமன்ற உறுப்பினர்மார் ஒருத்தராவது இதை அங்க எழும்பி நிண்டு கேக்க வேணும். அதோட, வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் ஊருக்குக் குடுக்கிறதுக்குக் குறைவில்லாத சனம், ஒவ்வொரு ஊருக்கும் வளைவு கட்டியிருக்கினம், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டியிருக்கினம், கோயிலுக்குக் கோபுரம் கட்டியிருக்கினம், நானும் அந்தக் கோபுரத்தைக் கும்பிடுறவன்தான். ஒரு ஊர்ச் சங்கம் ஒரு வான் வாங்கித் தந்தா, இன்னொரு சங்கம் ரெண்டு வருசத்துக்கு எண்ணெய்க் காசைப் பாத்தா, திணைக்களம் ஆக்களைத் தந்தா, இது நடக்கும். அதை ஆர் முன்னுக்கு நிண்டு சேத்து எடுக்கிறது எண்டதுதான் கேள்வி, உங்கட பேப்பர் அதைத் தொடங்கி வச்சா சனம் கேக்கும்.

எங்கட ஒழுங்கைச் சனத்துக்கும் ஒரு சொல்லு. தயவுசெய்து வீடியோ எடுக்காதையுங்கோ. அண்டைக்கு எடுத்த ஒரு துண்டு வட்ஸ்அப்பில சுத்தி, அவன் வேலை செய்த கடை முதலாளி வரைக்கும் போனது, அந்த மனுசன் நல்லவர் எண்டபடியாத்தான் அவனைத் திரும்ப எடுத்தவர். மனநல ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லி மந்திகை எண்டும் அங்கொடை எண்டும், விசர் எண்டும் கூப்பிடுறதையும் விடுங்கோ, அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் தங்கச்சி முதல் நாலு நாளும் என்னட்டக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவ. முதல் நாளே கொண்டு போயிருந்தா கெதியா மாறியிருக்கும் எண்டு டொக்டர் சொல்லேக்க அவவின்ர முகத்தை நான் பாத்தன். ஆளுக்கு அப்பிடி வந்தா கூடி நிக்காமல் வீட்டுக்குப் போங்கோ, அவனுக்குப் பிடிச்ச ஒராள் மட்டும் பக்கத்தில இருந்து மெல்லக் கதைக்கட்டும், வாதாட வேண்டாம், கட்ட வேண்டாம், அடிக்கவே வேண்டாம்.

போன மாசமும் ஒரு இரவு படலை தட்டிச்சினம். ஒரு தகப்பன், பேர் சொல்ல மாட்டன், மகள் அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறா எண்டு கை நடுங்க நிக்கிறார். நான் ஓட்டோவை எடுக்கேல்லை, நடந்து போனம், மருமகனும் கூட வந்தவன். கதவுக்கு வெளியில நிலத்தில இருந்து அவன்தான் கதைச்சவன், தங்கச்சி எனக்கும் ஒருக்கா இப்பிடி வந்தது எண்டு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல போச்சுது, தாய் 1926 க்கு அடிச்சு மற்றப் பக்கத்தில கேட்டுக்கொண்டு நிண்டா. ரெண்டு மணிக்குக் கதவு திறந்தது, விடியக் கிளினிக் போனதுகள். அண்டைக்கு அவன் இருந்தபடியாச் சரி. அவன் இல்லாத ஒழுங்கையளுக்கு ஆர் போறது எண்டு அண்டையில இருந்து யோசிச்சு யோசிச்சுத்தான் இதை எழுதத் தொடங்கினனான்.

என்ர பேரைப் போட வேண்டாம் ஐயா, பேர் போட்டா மருமகன் ஆர் எண்டு ஊருக்குத் தெரிஞ்சிடும், அதை எப்ப சொல்லுறது எண்டு அவன்தான் முடிவெடுக்க வேணும். கடிதம் நீண்டு போச்சுது, இடம் காணாட்டி எங்க வேணுமெண்டாலும் வெட்டுங்கோ, 1926 எண்ட நம்பரை மட்டும் வெட்டாமல் கொஞ்சம் பெரிய எழுத்தில போட்டு விடுங்கோ. நான் அதை என்ர ஓட்டோவில பின் சீற்றுக்கு முன்னால, ஏறுற ஆக்களுக்குத் தெரியக்கூடியதா எழுதி ஒட்டியிருக்கிறன், எங்கட தரிப்பிடத்தில நிக்கிற மற்ற ஓட்டோக்காரருக்கும் பிறின்ற் எடுத்துக் குடுத்திருக்கிறன்.

இப்படிக்கு,
சுன்னாகத்தில இருந்து ஒரு ஓட்டோச் சாரதி